கிணற்றுப் பங்கு

குரும்பசிட்டி

அன்புள்ள பிள்ளைக்கு,

காணி விற்கிற கதையை நீ சொல்ல முன்னம் தரகர் வேலியடியில் நின்று சொல்லிப்போட்டார். எனக்குக் கோபம் இல்லை. கனடாவில் வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விளங்குது. எட்டுப் பரப்பும் கொம்மாவின் சீதனம், இப்போது உன் பெயரில். முடிவு உன்னுடையது.

ஆனால் உறுதியை ஒருக்கால் எடுத்துப் பார். காணியோடு கிணற்றில் அரைப்பங்கும் வாய்க்கால் பங்கும் எழுதியிருக்கும். மற்ற அரைப்பங்கு என்னுடையது.

வாங்க வருபவர் தோட்டம் செய்கிறவர் இல்லை. குழாய்க் கிணறு இறக்கி, பவுசரில் தண்ணீர் விற்கிற எண்ணமாம். எங்களுக்கு ஆறு ஏது? ஐப்பசி கார்த்திகை மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் உவர் மேலே ஏறும். பிறகு என் கத்தரி மட்டுமில்லை, அயல் முழுக்கப் போகும். அப்பு துலா மிதித்த காலத்தில் ஊறுகிற அளவுக்குத்தான் இறைத்தார். மிசின் வந்த பிறகு அந்தக் கணக்கு விட்டுப்போச்சு. வெளியூரார் இதை 'ஈழகேசரி' பொன்னையா பிறந்த ஊர் என்பார்கள். எனக்கு இது நல்ல தண்ணீர் ஊர்.

சிறிமா காலத்தில் இறக்குமதியை நிறுத்தினபோது மிளகாயும் வெங்காயமும் கல்வீடு கட்டித் தந்தன. கொம்மாவின் தாலிக்கொடியும் வெங்காயக் காசுதான். 1977க்குப் பிறகு ஜே.ஆர். கதவைத் திறந்துவிட விலை விழுந்தது. அப்போது கொப்பரும் இதே கதைதான் கதைத்தார்: விற்றுப்போட்டுக் கொழும்பில் கடை போடுவோம் என்று. கொம்மா உறுதியைத் தலகணிக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் 1983 ஆடியில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்ததை நினைத்து, யார் சரி என்று நீயே சொல்லு.

1990 ஆனியில் ஊரே எழும்பி ஓடினபோதும் அவள் முதலில் எடுத்தது அந்தத் தலகணியைத்தான். பலாலிப் படைமுகாமுக்குப் பக்கத்தில் பிறந்த குற்றத்துக்கு எத்தனை வருஷம் வாடகை வீடுகளில் கிடந்தோம்! திரும்பி வந்து பார்த்தால் வீடு இல்லை, ஒரே பற்றை. கிணறு மட்டும் கிடந்தது. குப்பை அள்ளி இறைத்தோம். மூன்றாம் நாள் தெளிந்த தண்ணீர் ஊறியது. அதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்னொன்று. ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமைச் சட்டப்படி, பங்குக்காரரைக் கேட்காமல் பிறத்தியாருக்கு விற்க ஏலாது. வெருட்டுகிறேன் என்று நினையாதே. தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

நிறைய அலட்டிவிட்டேன், குறை நினையாதே ராசாத்தி. விற்றாலும் நீ என் பிள்ளைதான். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் ஆள்வசம் அனுப்புகிறேன். மருமகனுக்குப் பினாட்டும் வைத்திருக்கிறேன். ஆடியில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா. கிணற்றடியில் நின்று நாலு வாளி அள்ளி முழுகட்டும். அதற்குப் பிறகு எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடு.

அன்புடன்,
பெரியம்மா