கோல நோட்டிலிருந்து கட்டிங் ஃபைல் வரை

பூஜை அறைக் கதவில் பதிக்க ஒரு சிக்குக் கோலம் வெட்டித் தரச் சொல்லி லேசர் கட்டிங் பட்டறைக்குப் போனால், ‘டிஎக்ஸ்எஃப் இருக்கா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். நம் கையில் இருப்பதோ கோல நோட்டின் ஒரு பக்கம், இல்லாவிட்டால் அதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். ‘பரவாயில்லை, நாங்களே போட்டுக்கிறோம், டிசைனுக்குத் தனி சார்ஜ்’ என்பார்கள். போட்டும் தருவார்கள். ஆனால் வரிசையில் பத்து வேலை காத்திருக்கும்போது உங்கள் கோலத்தில் எந்தக் கோடு மெலிந்திருக்கிறது, எந்தத் துண்டு கழன்று விழும் என்றெல்லாம் உட்கார்ந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அந்த வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம். தேவையான மென்பொருள் இலவசம். வேண்டியது ஒரு நாள் பொறுமை.

வெட்டும் இயந்திரத்துக்குப் படம் தெரியாது. புகைப்படம் என்பது நிறப் புள்ளிகளின் கூட்டம். இயந்திரத்துக்கு வேண்டியதோ ‘இங்கே தொடங்கு, இப்படி வளை, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்’ என்று சொல்லும் பாதை. அந்தப் பாதைகளைத்தான் வெக்டர் என்கிறோம். 1982-ல் ஆட்டோகேடோடு வந்த டிஎக்ஸ்எஃப் வடிவம்தான் இன்றைக்கும் பட்டறைகளின் பொது மொழி.

முதலில் பட்டறை, பிறகு படம்

எந்த இயந்திரத்தில், எந்தப் பொருளில் வெட்டப் போகிறோம் என்று தெரியாமல் கம்ப்யூட்டர் முன் உட்காராதீர்கள். இரும்பு, எஸ்எஸ், பித்தளைத் தகடு என்றால் ஃபைபர் லேசர். மரம், எம்டிஎஃப், அக்ரிலிக் என்றால் சிஓ2 லேசர். கனமான மரப் பலகைக்குச் சுழலும் பிட் வைத்த சிஎன்சி ரௌட்டர். தடித்த இரும்புக்குப் பிளாஸ்மா. ஒன்றில் அழகாக வரும் ஃபைல் இன்னொன்றில் வராது. ஃபைபர் லேசரின் வெட்டு, மெல்லிய தகட்டில் 0.1 முதல் 0.3 மி.மீ. அகலம்தான். பிளாஸ்மாவில் அது 1 மி.மீ.க்கு மேல் போகும். ரௌட்டரில் 6 மி.மீ. பிட் போட்டால் 6 மி.மீ.க்குக் குறுகலான இடைவெளிக்குள் அது நுழையவே நுழையாது. உள்மூலை எல்லாம் 3 மி.மீ. ஆரத்தில் உருண்டு போகும். சிக்குக் கோலத்தின் வளைவுகளுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. கூர் இதழ் வைத்த தாமரைக் கோலத்துக்கு ரௌட்டர் எதிரி.

பிளைவுட்டிலும் ஒரு விஷயம். தண்ணீருக்குத் தாங்கும் என்று நாம் கேட்டு வாங்கும் ஐஎஸ் 710 மெரைன் பிளையில் இருப்பது ஃபீனாலிக் பசை. சிஓ2 லேசர் அதில் திணறும், ஓரம் கருகும். அந்தப் பலகையை ரௌட்டருக்கு அனுப்புங்கள். லேசருக்கு எம்டிஎஃப் அல்லது சாதாரண எம்ஆர் பிளை போதும். பிவிசி போர்டை மட்டும் லேசரில் வெட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு புகை ஆளுக்கும் ஆகாது, மெஷினுக்கும் ஆகாது. தெரிந்த பட்டறைக்காரர் எப்படியும் மறுத்துவிடுவார்.

படம் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழிவழியாகப் போடும் கோலத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஓவியங்களுக்கு, 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. 1906-ல் மறைந்த ரவி வர்மாவின் படத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 1976-ல் மறைந்த கொண்டையராஜுவின் காலண்டர் சாமி படங்களை வெட்டி விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதைக்கு முடியாது.

எது நிற்கும், எது விழும்

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இதை மட்டும் அது பார்த்துக்கொள்ளாது.

7 புள்ளி, 7 வரிசை, நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோட்டை வெட்டி எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அது சுற்றி வந்து தன்னையே சேரும் கோடு. அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் துண்டாகக் கழன்று மெஷினுக்கு அடியில் கொட்டிவிடும். மிஞ்சுவது நடுவில் பெரிய ஓட்டை. மாறாக, கோட்டை உலோகமாக நிறுத்திவிட்டு இடைவெளிகளை வெட்டினால், கோடு ஒன்றை ஒன்று தாண்டும் ஒவ்வொரு இடமும் பற்றவைத்த மூட்டுப்போல உறுதியாகிவிடும். இப்படிப் பார்த்தால் சிக்குக் கோலம் பிறவியிலேயே ஜாலி, அதாவது துளைகள் நிறைந்த பின்னல் தட்டி. ஜாலி வேலைக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் புள்ளிகள்? ஒவ்வொன்றும் ஒரு சுழியின் நடுவே எதிலும் ஒட்டாமல் நிற்கிறது. உலோகத்தில் அது அந்தரத்தில் நிற்காது. வழி மூன்று. புள்ளியை விட்டுவிடலாம். சிறு காம்பு வைத்துக் கோட்டோடு இணைக்கலாம். பார்க்க நன்றாக இருக்காது. அல்லது பின்னால் ஒரு பலகை வைத்து, புள்ளி இருக்கும் இடத்தில் பித்தளைக் குமிழ் ஆணி அடிக்கலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது.

உருவப் படங்களிலும் இதே கணக்குதான். பிள்ளையார் முகத்தில் கண்ணை முழு வட்டமாக வெட்டினால் கருவிழியும் சேர்ந்து விழும். மேல் இமைக்கு ஒரு வளைவு, கீழ் இமைக்கு ஒரு வளைவு. இரண்டு முனையும் சேராமல் கொஞ்சம் விட்டு நிறுத்தினால், அந்த விட்ட இடமே கண்ணைப் பிடித்துக்கொள்ளும். எங்கெல்லாம் கோடு சுற்றி வந்து தன்னையே தொடுகிறதோ அங்கெல்லாம் ஒரு பாலம் விட வேண்டும். பாலத்தின் அகலம் தகட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. 16 கேஜ் எம்எஸ் ஷீட், அதாவது சுமார் 1.6 மி.மீ. தகடு என்றால் 2.5 மி.மீ. பாலம் வையுங்கள். மரத்தில் 5 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள்; இழைக்குக் குறுக்கே பாலம் விழுந்தால் அதுவும் உடையும்.

வீட்டுப் பெயர்ப் பலகை போடுகிறவர்களுக்குத் தமிழ் எழுத்து தரும் சோதனை தனி. ‘அன்பு இல்லம்’ என்று எழுத்துகளையே தகட்டில் வெட்டி நிறுத்தினால் ன், ல், ம் மூன்றின் மேல்புள்ளியும் தனியே விழும். அதையே தகட்டில் எழுத்து வடிவத் துளையாக வெட்டினால் மேல்புள்ளி வெறும் துளை, தொல்லை இல்லை. ஆனால் அ, ன, இ, ல, ம ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு போய்விடும். முதல் வகைக்கு எழுத்துகளின் அடியில் ஒரு பட்டை ஓடவிட்டு, மேல்புள்ளியைத் தலையோடு தொடவைக்கவும். இரண்டாம் வகைக்குச் சுழியில் பாலம் விடவும்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் யோசிப்பதைவிடக் காகிதத்தில் யோசிப்பது எளிது. படத்தை ஜெராக்ஸ் எடுத்து, நிற்க வேண்டிய பகுதி முழுவதையும் கறுப்பு மார்க்கரால் அப்பிவிடுங்கள். கறுப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் வெளிச்சட்டத்தையும் தொட்டால் வேலை சரி. தனித்து நிற்கும் கறுப்புத் தீவு எதுவாயினும் அது விழும்.

வரைவதா, டிரேஸா?

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் படத்தை இழுத்துப் போட்டு, ‘பாத்’ மெனுவில் ‘டிரேஸ் பிட்மேப்’ கொடுத்தால் கறுப்பின் விளிம்பெல்லாம் பாதையாகிவிடும். மார்க்கரால் அப்பிய காகிதத்தை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து கொடுத்தால் இது நன்றாகவே வரும். ஃபோனில் எடுப்பதானால் படத்துக்கு நேர் மேலே, நிழல் விழாமல் எடுங்கள். சாய்த்து எடுத்தால் சதுரம் சரிந்துவிடும். பென்சில் நிழல் தீட்டிய படம், ஃபோட்டோ போன்றவற்றை டிரேஸ் செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கில் திட்டுகள்தான் வரும்.

மயில், யாளி, பிள்ளையார் என்றால் டிரேஸ். கோலம் என்றால் டிரேஸ் வேண்டாம், வரைந்துவிடுங்கள். டிரேஸ் செய்தால் ஒரு கோட்டுக்கு இரண்டு விளிம்பு கிடைக்கும்; இரண்டும் கைநடுக்கத்தோடு இருக்கும். இரும்பில் அந்த நடுக்கம் பத்து மடங்காகத் தெரியும்.

வரையும் முறை இது. கட்டம் ஒன்று போட்டு 50 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளை வையுங்கள். ஏழு புள்ளிக்கு ஆறு இடைவெளி, 300 மி.மீ.; இருபுறமும் வெளிச்சுழியைச் சேர்த்தால் கோலம் ஏறத்தாழ 350 மி.மீ. வரும். உங்கள் கதவின் அளவுக்கு இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பேனா கருவியால் கோட்டின் நடுப்பாதையை மட்டும் இழுங்கள். கால்பகுதி வரைந்தால் போதும். மீதியைத் திருப்பிப் போடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாக் கோலமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருபக்கமும் ஒத்துவராது. பல சிக்குக் கோலங்கள் 90 டிகிரி சுழற்றினால்தான் பொருந்தும். நோட்டைத் திருப்பிப் பார்த்து எது என்று முடிவுசெய்த பிறகு ‘ஃப்ளிப்’ பொத்தானைத் தொடுங்கள்.

முழுக் கோலமும் வந்ததும் கோட்டுக்கு 8 மி.மீ. தடிமன் கொடுங்கள். இந்த நிலையில் ஃபைலை எஸ்விஜி-யாகச் சேமித்து, வேறு பெயரில் ஒரு நகல் எடுங்கள். இனி நகலில்தான் வேலை. ‘ஸ்ட்ரோக் டு பாத்’ கொடுத்தால் தடிமன் உருவமாக மாறும். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்து ‘யூனியன்’. கோடுகள் தாண்டும் இடமெல்லாம் ஒன்றாகி, வெட்ட வேண்டிய விளிம்பு மட்டும் மிஞ்சும். சட்டத்தையும் வரைந்து, ஓரச் சுழிகள் அதற்குள் 3, 4 மி.மீ. நுழையும்படி வைத்து அதையும் யூனியனில் சேருங்கள். தொட்டும் தொடாமலும் வைத்தால் அங்கேதான் விட்டுப்போகும். திருகுத் துளைகளை இப்போதே போடுங்கள்; துளையின் விட்டம் தகட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

துப்புரவு

டிரேஸ் செய்த படத்தில் ஒரு சாதாரண வளைவுக்கே ஐம்பது, அறுபது கணுக்கள் (நோடுகள்) இருக்கும். நல்ல வட்டத்துக்கு நாலு கணு போதும். கணு அதிகமானால் மெஷினின் தலை ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கிப் போகும். தகட்டின் ஓரம் பல்பல்லாக வரும். ‘சிம்ப்ளிஃபை’ கொடுத்தால் குறையும். இரண்டு முறைக்கு மேல் கொடுத்தால் மூக்கு, நகம் எல்லாம் மழுங்கிவிடும். மீதியைக் கையால் நீக்குங்கள்.

அடுத்து, நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு மெல்லிய கோடாக மட்டும் பாருங்கள். மூடாத பாதை, ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரட்டைக் கோடு இரண்டும் அப்போதுதான் கண்ணில் படும். இரட்டைக் கோடு இருந்தால் லேசர் ஒரே இடத்தை இரண்டு முறை வெட்டும். ஓரம் கருகுவதோடு கூலியும் கூடும். பெரும்பாலான பட்டறைகளில் கூலி என்பது வெட்டு நீளத்தையும் துளைத் தொடக்கங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. ஆகவே தேவையில்லாத சின்னச் சின்ன ஓட்டைகளை இங்கேயே தூக்கிவிடுங்கள். எழுத்து இருந்தால் அதையும் பாதையாக மாற்றிவிடுங்கள். உங்கள் ஃபான்ட் பட்டறைக் கம்ப்யூட்டரில் இருக்காது. தமிழ் அங்கே கொம்பும் காலும் பிரிந்து கட்டம் கட்டமாகத் தெரியும்.

வெட்டின் அகலத்துக்கு ஈடுகட்டுவது யார் என்று பட்டறையில் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் மென்பொருளே செய்துவிடும். நீங்களும் செய்து அவர்களும் செய்தால் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பாகங்கள் பொருந்தாமல் போகும்.

அளவு

ஃபைலை டிஎக்ஸ்எஃப்-ஆகச் சேமிக்கும்போது அலகை மி.மீ. என்று தேர்ந்தெடுங்கள். அலகு குழம்பினால் மி.மீ. அங்குலமாக வாசிக்கப்பட்டு, கோலம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ திறக்கும். அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழைதான் ஆபத்து: பழைய இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்றும், 2017-ல் வந்த 0.92 பதிப்பு முதல் 96 என்றும் கணக்கிடுகின்றன. பழைய ஃபைலைப் புதிதில் திறந்தால் ஆறேழு சதவீதம் அளவு மாறலாம். கதவுச் சட்டத்தில் உட்காராது. எனவே சேமித்த டிஎக்ஸ்எஃப்பை லிப்ரேகேட் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் திறந்து, ஒரு பக்கத்தை அளந்து பாருங்கள். சில பட்டறைகளின் மென்பொருள் ஸ்ப்ளைன் வளைவை ஏற்காது. பாலிலைனாக வேண்டும் என்பார்கள். இங்க்ஸ்கேப்பில் ‘ஃப்ளாட்டன் பெசியர்’ கொடுத்து இன்னொரு ஃபைலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிஜ அளவில் காகிதத்தில் அச்சிட்டு, ஒட்டி, கதவில் வைத்துப் பாருங்கள். திரையில் கம்பீரமாகத் தெரிந்த 8 மி.மீ. கோடு கதவில் மெலிந்து தெரியலாம். மரமானால் 3 மி.மீ. எம்டிஎஃப்பில் ஒரு மாதிரி வெட்டிவிடுங்கள், செலவு அதிகமில்லை.

பட்டறைக்குப் போகும்போது டிஎக்ஸ்எஃப்போடு ஒரு பிடிஎஃப்பும் கொண்டுபோங்கள். அதில் மொத்த நீளம், அகலம், பொருள், தடிமன், எண்ணிக்கை எழுதியிருக்கட்டும். விழ வேண்டிய பகுதிகளைச் சாய்கோடு போட்டுக் காட்டுங்கள். உட்பகுதிகளை முதலில், வெளிச்சட்டத்தைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள். சட்டம் முதலில் அறுந்தால் பலகை நகர்ந்துவிடும். எம்எஸ் தகட்டுக்குப் பிசிறு தேய்த்து, பவுடர் கோட்டிங் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெறும் இரும்பாக வாங்கி வந்தால் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

முதலில் சேமித்தீர்களே, நடுக்கோடு மட்டும் இருக்கும் அந்த எஸ்விஜி, அதை அழித்துவிடாதீர்கள். டிஎக்ஸ்எஃப்பில் கோட்டின் தடிமனை மாற்ற முடியாது. நாளைக்கு இதே கோலம் வாசல் கேட்டுக்கு 12 மி.மீ. கோட்டில் வேண்டுமென்றாலும், தேக்குப் பலகையில் வி-பிட்டால் வெறும் கோடாகச் செதுக்க வேண்டுமென்றாலும், அந்த ஃபைல்தான் தேவைப்படும்.