திரவ எரிபொருள் வாணங்களும் ஓசூர் நாடும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியார்க்கு வாணம் புதிய பொருளன்று. 18-ஆம் நூற்றாண்டில் இந்நாடு ஐதர் அலி, திப்பு சுல்தான் என்னும் மைசூர் வேந்தர் ஆட்சியில் இருந்தது. அவர்தம் படையினர் இரும்புக் குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்து, மூங்கிற் கழியிற் பிணித்துப் பகைவர்மேல் ஏவினர். 1780-இல் காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படை தோல்வியுற்ற போரிலும் அவை எறியப்பட்டன. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வாணங்கள் இங்கிலாந்து சேர்ந்தன. அங்கு வில்லியம் காங்கிரீவ் என்பார் அவ்வகை வாணங்களை ஆராய்ந்து, திருத்தி, தம் சோதனைகளை நூலாகவும் வெளியிட்டார்.

அன்று அழிவைச் சுமந்த வாணம் இன்று செயற்கைக் கோள்களைச் சுமக்கின்றது. அவற்றுள் சிறியனவும் நடுத்தரமானவுமாகிய கோள்களை ஏற்றிச் செல்லும் திரவ எரிபொருள் வாணத்தின் இயல்பை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

எவ்வகை வாணமும் தன்னுள் எழும் வாயுவைக் கீழ்நோக்கி விரைந்து உமிழ, அதன் எதிர்விசையால் மேலெழுகின்றது. வானவெளியில் காற்றில்லை, ஆதலின் எரிபொருளோடு அதனை எரிக்கும் பொருளையும் வாணம் உடன்கொண்டே செல்லவேண்டும். திண்ம வாணத்தில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்து இறுகியிருக்கும். தீபாவளிப் புஸ்வாணத்தைப் போல, ஒருமுறை பற்றிக்கொண்டால் மருந்து தீருமளவும் அது எரிந்தே தீரும். திரவ வாணத்திலோ இரண்டும் வெவ்வேறு கலங்களில் நிற்கும். குழாய் வழியே எரியறைக்குட் புகுந்து, அங்குதான் கூடி எரியும். ஆகவே மண்ணெண்ணெய் அடுப்பின் திருகைப் போல இதனையும் திறக்கலாம், மூடலாம்; தக்கவாறு அமைத்தால் மீண்டும் ஏற்றலாம். 1926 மார்ச் 16-ஆம் நாள் அமெரிக்க நாட்டில் ராபர்ட் காடார்டு ஏவிய முதல் திரவ வாணம் இரண்டரை நொடியில் 41 அடியே எழும்பிற்று. எனினும் வழி திறந்தது.

திறந்து மூடும் வசதி அத்துணை இன்றியமையாததோ எனின், ஆம் என்க. 500 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்றும் கோளுக்கு நொடிக்கு ஏறக்குறைய 7.6 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதில் நொடிக்கு 100 மீட்டர் குறையினும், சுற்றின் எதிர்ப்புறத்தில் அக்கோள் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தாழ்ந்து, காற்று மண்டலத்தால் இழுக்கப்பட்டு விரைவில் அழியும். 2022 ஆகஸ்டு 7-ஆம் நாள் நம் நாட்டின் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு வாணம் முதன்முறை ஏவப்பட்டபோது, 356 கிலோமீட்டர் வட்டத்திற் சேரவேண்டிய கோள்கள், ஒருபுறம் 76 கிலோமீட்டரே உயரமுள்ள நீள்வட்டத்திற் சேர்ந்து இழக்கப்பட்டன. 2023 பிப்ரவரி 10-ஆம் நாள் நடந்த இரண்டாம் முயற்சி வெற்றியுற்றது. இவ்வாணத்தின் மூன்று அடுக்குகளும் திண்மமே. ஆயினும் இறுதி வேகத்தைச் சரிப்படுத்தத் திரவப் பொறியொன்று உச்சியில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

எரிபொருள்களுள்ளும் வேற்றுமை உண்டு. ஹைட்ரசீன் இனத்தவை நைட்ரஜன் டெட்ராக்சைடைத் தொட்ட அளவிலே பற்றும். நெடுநாள் சேமிக்கவும் ஏற்றவை. ஆனால் கொடிய நஞ்சு. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் அத்தகைய நஞ்சல்ல. எனினும் திரவ ஆக்சிஜனை உறைநிலைக்கும் 183 பாகை கீழே குளிர்வித்துக் காக்கவேண்டும். சீன தேசத்தார் 'நெடும் பயணம்' எனப் பொருள்படும் சாங் ஜெங் வரிசையின் 6-ஆம் வாணத்தில் இப்பிந்திய முறையையே கைக்கொண்டனர். 2015 செப்டம்பர் 20-ஆம் நாள் அது தன் முதற் பயணத்திலேயே 20 சிறு கோள்களை ஏற்றிச் சென்றது. அதன் உயரம் ஏறக்குறைய 29 மீட்டர். எடை 103 டன். 700 கிலோமீட்டர் உயரத்திற்கு அது சுமக்க வல்லதோ ஏறக்குறைய 1 டன். நூற்றில் ஒரு பங்கைச் சேர்ப்பிக்க எஞ்சியதெல்லாம் செலவாகின்றது!

நம் நாட்டுப் பி.எஸ்.எல்.வி. வாணத்தில் முதலும் மூன்றும் திண்ம அடுக்குகள். இரண்டும் நான்கும் திரவ அடுக்குகள். இரண்டாம் அடுக்கின் பொறி 'விகாஸ்' எனப்படும். திரவப் பொறிகளைச் சோதிக்கும் நிலையம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் உளது. 2017 பிப்ரவரி 15-ஆம் நாள் இவ்வாணம் 104 கோள்களை ஒருங்கே ஏற்றிச் சென்றது. 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்றிசை ஏகும் வாணம் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்லவேண்டும். குலசேகரப்பட்டினத்திலிருந்தோ கடல்மீது நேரே செல்லலாம். சிறிய வாணத்திற்கு இந்த மிச்சம் பெரிதாம்.

இனி ஓசூருக்கு மீள்வோம். திரவப் பொறியின் உயிர்நிலை, கசியாத வால்வும், இம்மி பிசகாத துளையும், சீராய்ச் சுழலும் பம்புமாம். கடிகாரமும் வாகனமும் செய்யும் இவ்வெல்லைத் தொழில்நகரில் நுண்ணளவு பேணும் கைகள் பல. கைத்திறத்திற்குக் குறைவில்லை, அன்றும் இருந்ததில்லை. ஆயினும் மைசூர் வாணத்தைச் செய்த கொல்லர் பெயரை நாம் வழங்கவில்லை. காங்கிரீவ் பெயரையே வழங்குகின்றோம். ஏன்? செய்ததை அளந்தவரும் அளந்ததை எழுதியவரும் அவரே.

ஆதலின் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கு, தான் கடையும் துண்டு எதன் உறுப்பு என்பதனை அவன் மொழியிலேயே விளக்கும் நூல்கள் வேண்டும். அப்பணி அறிவியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் பயிலும் நமக்கும் உரியது. பகையைச் சுமந்த வாணம் புயலை முன்னறிவிக்கும் கோளைச் சுமக்கக் கற்றுக்கொண்டதன்றோ? அக்கல்வியைத் தமிழிலும் சுமப்போமாக.