பேக்கப் எடுத்தும் ஃபைல் காணோமா? – ஒரு செய்முறைப் பாடம்



நம் பாடப் புத்தகத்தில் 'பேக்கப்' என்பதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் இன்-பிளாண்ட் டிரெயினிங் போன இடத்தில் அந்த அரைப் பக்கம் என்னைக் காப்பாற்றவில்லை. அந்தக் கதையோடு பாடத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். ஆபீஸில் நாலு கம்ப்யூட்டர். ஒன்றில் டேலி கணக்கு. மற்றவற்றில் பையர் அனுப்பும் ஸ்பெக் ஷீட், மெஷர்மென்ட் சார்ட், பிரிண்டிங்குக்குக் கலர் பிரித்த டிசைன் ஃபைல்கள். தினமும் ராத்திரி ஒரு பேட்ச் ஃபைல் ஓடி, எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யும். உள்ளே இருந்த கட்டளை நம் லேபில் பார்த்த அதே எக்ஸ்காப்பிதான்.

டிஸ்க் நிறைந்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு, "ஏந் தம்பி, முடிஞ்சு போன ஆர்டரையெல்லாம் எதுக்குத் தினமும் காப்பி பண்ணிக்கிட்டு? பழசை விட்டுடு" என்றார். நானும் முடிந்த ஆர்டர்களையெல்லாம் 'ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளே தள்ளினேன். எக்ஸ்க்ளூட் லிஸ்ட்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ஓ, எல், டி. மூன்றே எழுத்து. நாற்பது நிமிஷம் ஓடின பேக்கப் அன்று பத்து நிமிஷத்தில் முடிந்தது. கெட்டிக்காரப் பையன் என்று டீயும் வடையும் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து டிசைன் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. ரிப்பீட் ஆர்டர் கையில், துணி டையிங்கிலிருந்து வந்தாகிவிட்டது. "பேக்கப் இருக்குதல்லோ தம்பி?" என்று கேட்டார்கள். இருக்குதுங்க என்று தைரியமாகச் சொல்லித் திறந்தேன். பாதி ஃபைல் இல்லை.

காணாமல் போனவை எவை என்று பேப்பரில் எழுதினேன். 'கோல்டு' என்ற கலர் பெயரில் இருந்த டிசைன்கள். 'ஃபோல்டிங்' ஓப்பன் ஷீட்கள். பிறகு, 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)', 'நியூ ஃபோல்டர் (3)' எல்லாமே. நம்ம ஊரில் எந்த ஆபீஸிலும் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிற வழக்கம் கிடையாது, தெரியுமல்லவா? இங்கிலீஷில் அந்தப் பெயர்களை எழுதிப் பாருங்கள். ஃபோல்டர் என்ற சொல்லின் நடுவிலேயே ஓ-எல்-டி உட்கார்ந்திருக்கிறது! கோல்டிலும் இருக்கிறது, ஃபோல்டிங்கிலும் இருக்கிறது.

எக்ஸ்காப்பியின் விதி இதுதான்: எக்ஸ்க்ளூட் லிஸ்ட்டில் உள்ள எழுத்துகள், ஃபைலின் முழுப் பாதையில் எந்த இடத்தில் வந்தாலும் அந்த ஃபைலை விட்டுவிடும். ஃபோல்டரின் பெயரா, பெயரின் துண்டா என்று அது பார்க்காது. மெயின் ஃபோல்டரின் பெயரிலேயே அந்த எழுத்துகள் இருந்தால் ஒரு ஃபைல்கூடக் காப்பி ஆகாது. அப்படி ஆகியிருந்தால் அன்றே பிடித்திருப்பேன். பாதி வந்ததுதான் ஏமாற்றியது. பத்து நிமிஷத்தில் முடிந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் நகர்த்திய பழைய ஆர்டர்கள் முக்கால்வாசி டிஸ்க் இல்லையே.

சரி செய்வது எளிது. பெயரின் இரண்டு பக்கமும் பின்சாய்கோடு போட்டு \ஓல்டு\ என்று எழுதினால், அந்தப் பெயருள்ள ஃபோல்டர் மட்டும் மாட்டும். எந்த மட்டத்தில் இருந்தாலும் மாட்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரே ஒரு இடத்து ஃபோல்டர்தான் வேண்டாம் என்றால் மேல் ஃபோல்டரின் பெயரையும் சேர்த்து \ஆர்டர்ஸ்\ஓல்டு\ என்று கொடுக்க வேண்டும். இந்த லிஸ்ட்டில் நட்சத்திரக் குறி வேலை செய்யாது. அதோடு, புள்ளி-டாக் என்று எழுதினால் டாக்-எக்ஸ் ஃபைல்களும் சேர்ந்து போய்விடும். காரணம் மேலே சொன்னதேதான்.

ரோபோகாப்பி வேறு மாதிரி. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. அதில் /எக்ஸ்டி என்பது ஃபோல்டருக்கு, /எக்ஸ்எஃப் என்பது ஃபைலுக்கு. இங்கே முழுப் பெயர் பொருந்தினால்தான் விடும். ஆகவே ஓல்டு என்று கொடுத்தால் கோல்டு தப்பிக்கும். முழுப் பாதை கொடுத்தால் அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் விடுபடும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். இல்லாவிட்டால் 'நியூ', 'ஃபோல்டர்' என்று இரண்டு தனிப் பெயராக எடுத்துக்கொள்ளும். /எக்ஸ்ஓ என்று ஒன்று உண்டு. அதைப் பார்த்து 'ஓல்டு ஃபோல்டரை விடு' என்று நினைத்த நண்பன் ஒருவன் நம் வகுப்பிலேயே இருக்கிறான். பேக்கப் டிஸ்க்கில் இருப்பதைவிடத் தேதியில் பழையதாக இருக்கும் ஃபைலை விடு என்பது அதன் அர்த்தம்.

லினக்ஸ் பக்கம் போனால் ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் எழுதி 1996-ல் வெளியிட்டது. இதில் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும்; முதலில் எது பொருந்துகிறதோ அதோடு சரி, கீழே உள்ளதைப் பார்க்காது. ஆகவே விலக்குக்கு விலக்கு எழுதுவதானால் அதை மேலே போடணும். இன்னொன்று: ஒரு ஃபோல்டரை விலக்கிவிட்டால் ஆர்சிங்க் அதற்குள் நுழைவதே இல்லை. உள்ளே இருக்கிற ஒரு ஃபைலை மட்டும் சேர் என்று கீழே எத்தனை வரி எழுதினாலும் பயனில்லை. வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்கிற ஆளைக் கூப்பிட்டால் எப்படி வருவார்? விதியின் தொடக்கத்தில் சாய்கோடு போட்டால், அது டிஸ்க்கின் மூலத்தைக் குறிக்காது. நாம் காப்பி செய்யத் தொடங்கும் ஃபோல்டரைக் குறிக்கும். பலர் இடறுவது இங்கேதான்.

இனி கண்டுபிடிக்கும் முறை. முதலில், ஃபைல் விடுபட்டதற்கு எக்ஸ்க்ளூட் விதிதான் காரணமா என்று பாருங்கள். /எச் போடாத எக்ஸ்காப்பி, மறைத்து வைத்த ஃபைல்களை எடுக்காது. டேலி போல வேறு புரோகிராம் திறந்து பூட்டி வைத்திருக்கும் ஃபைலும் வராமல் போகலாம். பாதை மிக நீளமாக இருந்தாலும் எக்ஸ்காப்பி நின்றுவிடும். அப்போது 'மெமரி போதவில்லை' என்று சம்பந்தமில்லாமல் சொல்லும், நம்பி ராம் வாங்கப் போகாதீர்கள்! விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியிலேயே பேக்கப் எடுக்க வேண்டாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. அதை மதிக்கும் சாஃப்ட்வேர் என்றால், நீங்கள் எழுதாத விதியும் வேலை செய்யும்.

அப்புறம் ஒத்திகை. எக்ஸ்காப்பி, ரோபோகாப்பி இரண்டுக்கும் /எல் போட்டால் காப்பி செய்யாமல் பட்டியல் மட்டும் தரும். ஆர்சிங்குக்கு -என், கூடவே -விவி போட்டால், எந்த விதியால் எந்த ஃபைல் விடுபட்டது என்றே சொல்லிவிடும். பட்டியலில் வந்த எண்ணிக்கையை ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்துக்கு ஒவ்வொன்றாகக் காரணம் சொல்ல முடிய வேண்டும். விதிகள் நிறைய இருந்தால் பாதியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். குற்றவாளி எந்தப் பாதியில் என்று தெரிந்ததும் அதை மறுபடி பாதியாக்குங்கள். இருபது விதி இருந்தாலும் ஐந்து ஓட்டத்தில் பிடிபடும். புது விதி எழுதும்போது கோல்டு, ஃபோல்டர், ஓல்டு1 என்று பெயர் வைத்த காலி ஃபைல்களோடு ஒரு பரிசோதனை ஃபோல்டரை முதலில் பலி கொடுங்கள்.

பெரிய இடத்திலும் இது நடந்ததுண்டு. 1998-ல் அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. பேக்கப்பைத் திறந்தால் அது ஒழுங்காக எடுக்கப்படவே இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற டெக்னிக்கல் டைரக்டரின் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் படத்தைக் காப்பாற்றியது.

எங்களுக்குக் கைகொடுத்தது பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்பவருக்கு அனுப்பிய மெயில்கள். டிசைன் ஃபைல்கள் பெரும்பாலும் அதில் கிடைத்தன. மெஷர்மென்ட் சார்ட்களைப் பழைய பிரிண்ட் தாள்களைத் தேடியெடுத்து நாலு ராத்திரி உட்கார்ந்து டைப் செய்தேன். அந்த மூன்று எழுத்தைப் போட்டது நான்தான் என்று மேனேஜரிடம் சொன்னது மூன்றாவது ராத்திரி. "அதான் முகத்துல தெரிஞ்சுதே கண்ணு, டைப் பண்ணு" என்றார்.

இப்போது அங்கே எக்ஸ்க்ளூட் லிஸ்ட்டில் ஒரே ஒரு வரி, இரண்டு பக்கமும் பின்சாய்கோட்டோடு. சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு, பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஆர்டரை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்கிறார்கள். 'நியூ ஃபோல்டர்' பழக்கம் மட்டும் போகவில்லை. போன மாதம் போனபோது எண்ணினேன், பதினாலு இருந்தது.

– மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் துறை