ஃபங்ஷன் தரும் அரேயை முதலில் மாறியில் வாங்குங்கள்

பிஎச்பியில் ஒரு ஃபங்ஷன் அரே தந்தால், அழைத்த இடத்திலேயே பின்னால் [0] என்று போட்டு வேண்டியதை எடுத்துவிடலாம். 2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அதற்கு முன் மாறி ஒன்றில் வாங்கித்தான் ஆகவேண்டும். வசதி வந்த பிறகும் அந்தப் பழைய முறைதான் சரி என்பேன். உள்ளமைந்த ஃபங்ஷன்கள் பல, வேலை முடியாதபோது அரேக்குப் பதில் ஃபால்ஸ் தருகின்றன.

படத்தின் அளவைச் சொல்லும் கெட்இமேஜ்சைஸ்() ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அது தரும் அரேயில் 0 அகலம், 1 உயரம். யாரோ ஒரு டெக்ஸ்ட் கோப்பைப் படம் என்று அப்லோடு செய்தால் வருவது ஃபால்ஸ். அந்த அழைப்பை நேரடியாக இரண்டு மாறிகளாகப் பிரித்திருந்தால், பிஎச்பி 8.0-இல் எச்சரிக்கைகூட இல்லாமல் இரண்டிலும் நல் விழும். பத்து வரி தள்ளி, உயரத்தை அகலத்தால் வகுக்கும்போதுதான் பூஜ்யத்தால் வகுத்த பிழை வெடிக்கும். தவறு நடந்த இடம் ஒன்று, தேடும் இடம் வேறொன்று. ஆகவே முதலில் ஒரு மாறியில் வாங்குங்கள். அது ஃபால்ஸா என்று மூன்று சமக்குறி போட்டுச் சோதியுங்கள். ஃபால்ஸ் என்றால் அங்கேயே பயனருக்குச் சொல்லி நிறுத்துங்கள். அதன் பிறகே பிரியுங்கள்.

அரேதான் வந்தது என்றாலும் கேட்ட கீ அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. பார்ஸ்_யூஆர்எல்()-க்கு எச்டிடிபி இல்லாமல் வெறும் எக்ஸாம்பிள்.காம் என்று கொடுத்தால், ஹோஸ்ட் என்ற கீயே வராது. முழுப் பெயரும் பாத் என்ற கீயில் போய் உட்காரும். பயனர்கள் முகவரியை அப்படித்தான் தட்டுவார்கள். இங்கே ஐசெட்() சோதனை அவசியம்.

மாறியில் வாங்கினால் அரே நகலாகி மெமரி வீணாகுமே என்பார்கள். ஆகாது, யாராவது அதை மாற்றும்வரை பிஎச்பி நகல் எடுப்பதில்லை. 7.0-இல் வந்த ?? குறி போதாதா என்பது இன்னொரு கேள்வி. கீ இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற இடத்தில் போதும். ஆனால் ஃபங்ஷனே தோற்றதையும் கீ மட்டும் இல்லாததையும் அது ஒன்றாக்கி மறைத்துவிடும். நீங்களே எழுதிய ஃபங்ஷனில் திரும்பும் வகையை அரே என்று அறிவித்து, கேட்கும் கீ எப்போதும் இருக்கும்படி எழுதியிருந்தால், தாராளமாக நேரடியாக எடுக்கலாம்; அங்கே தவறிப்போய் ஃபால்ஸ் திருப்பினாலும், திருப்பிய வரியிலேயே டைப்எரர் வந்து நிற்கும்.