செவிவழிக் கல்வி

நுழையும்முன்

ஓலை, அச்சு, திரை எனக் கல்வியின் கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மாறாத கருவி ஒன்று உண்டு; அது செவி. வீட்டுப் பணியும் வெளிப்பணியும் நெருக்கும் வாழ்வில், முன்னேற விரும்பும் பெண்களுக்குக் கேட்டல் எவ்வாறு துணைபுரிகிறது, எங்கே அது போதாமற்போகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

தட்டிக் கேட்டல்

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள மங்களூர் வட்டாரம் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலப்பகுதி. அதற்குக் கிழக்கே அமைந்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். களிமண் குழம்பை அச்சில் வார்த்தல், காய்ந்த பொருளின் ஓரங்களைச் சீவி வழவழப்பாக்கல், வண்ணம் தீட்டுதல் எனப் பீங்கான் தொழிலின் படிநிலைகள் பல. சூளையிலிருந்து எடுத்துக் குளிரவைத்த பொருளைத் தொழில் அறிந்தவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பர். கணீரென ஒலித்தால் அது தேறியது; ஒலி மங்கினால் உள்ளே விரிசல் இருக்கிறது என்பது பொருள். கண்ணுக்குப் புலப்படாத குறையைச் செவி கண்டறிந்துவிடுகிறது.

களையெடுக்கும்போதும் வண்ணம் தீட்டும்போதும் கைகளும் கண்களும் பணியில் இருக்கின்றன. செவி ஓய்வாக இருக்கிறது. அந்தச் செவிக்கு உரியதாக வளர்ந்ததே ஒலிநூல். ஒருவர் படிக்க, பதிவு செய்து, வேண்டியபோது கேட்கத் தருவதே ஒலிநூலாகும்.

நேரம் என்னும் வறுமை

ஒலிநூலின் தேவையை உணரப் பெண்களின் ஒருநாளைக் கணக்கிட வேண்டும். இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுவதாகவும், ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிடுவதாகவும் தெரிவிக்கிறது. குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் அடங்காது. நூலை விரித்து அமர்ந்து படிப்பதற்கான ஒரு மணிநேரம் பல பெண்களின் நாளில் இல்லவே இல்லை. ஆர்வம் இன்மையன்று, நேரமின்மையே அவர்களது தடை.

கேள்விச் செல்வம்

கேட்டுக் கற்றல் தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. எழுத்தறிவு பெறாதவரும் கேட்டறிதல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில், அல்லி அரசாணி மாலை முதலிய பெரிய எழுத்துக் கதைநூல்களை ஒருவர் உரக்கப் படிக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்டனர். கேட்டவர்களுள் எழுத்தறியாப் பெண்கள் பலர்.

உழைப்போடு கேட்டலை இணைத்த வரலாறும் உண்டு. கியூபா நாட்டின் அவானா நகரச் சுருட்டு ஆலைகளில் 1865ஆம் ஆண்டு முதல், தொழிலாளர் சுருட்டுச் சுற்ற, ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் கதையும் படித்துக் காட்டினார். படிப்பவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர்களே தந்தனர். கேரளத்தின் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளரிடமும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது.

ஒலிநூலின் வளர்ச்சி

எடிசன் 1877ஆம் ஆண்டு ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். அதன் பயன்களுள் ஒன்றாகப் பார்வையற்றோருக்கான பேசும் நூல்களை மறு ஆண்டே அவர் குறிப்பிட்டார். 1930களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 1952ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பார்பரா கோகன், மரியான் ரோனி என்னும் 22 வயதுப் பெண்கள் இருவர் ‘காட்மன்’ என்னும் ஒலிப்பதிவு நிறுவனத்தைத் தொடங்கினர். கவிஞர்கள் தம் கவிதைகளைத் தம் குரலிலேயே படிக்கப் பதிவு செய்து விற்ற அவர்களது முயற்சி, ஒலிநூல் வணிகத்திற்கு அடித்தளமிட்டது. 1956ஆம் ஆண்டு எர்ல் நைட்டிங்கேல் என்பவர் பதிவு செய்த தன்முன்னேற்ற உரை, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளாக விற்பனையாயிற்று. இன்று ஆடிபில், குக்கு எஃப்.எம். முதலிய செயலிகள் வழியாகக் கைப்பேசியே நூலகமாகிவிட்டது.

தேனி தந்த பாடம்

பெண்களின் செவிவழிக் கல்விக்குத் தேனி மாவட்டம் சிறந்த சான்று. 2009ஆம் ஆண்டளவில், காமன்வெல்த் கற்றல் அமைப்பின் துணையோடு ‘விடியல்’ என்னும் தன்னார்வ நிறுவனம், ஆடு வளர்க்கும் கிராமப் பெண்கள் ஏறத்தாழ 300 பேருக்கு வாழ்நாள் கற்றல் திட்டம் ஒன்றைச் செயல்படுத்தியது. அவர்கள் வங்கிக் கடன் பெற்று ஆடுகளையும் கைப்பேசியையும் வாங்கினர். தீவனம், நோய்த்தடுப்பு போன்ற செய்திகள் சிறுசிறு குரல்வழிப் பாடங்களாக அவர்களது கைப்பேசிக்கு வந்தன.

இத்திட்டத்தில் கருதத்தக்கவை மூன்று. பாடம் அவர்கள் செய்யும் தொழிலைச் சார்ந்திருந்தது. அது வேலைக்கிடையே கேட்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. கேட்டதைச் செயலாக்கக் கடனும் கால்நடையும் கையில் இருந்தன. குரல் மட்டும் அவர்களை உயர்த்தவில்லை. குரலோடு வாய்ப்பும் வந்தது.

விரிசலை அறிதல்

தன்முன்னேற்ற ஒலிநூல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வெற்றி கிட்டும் என்று சில நூல்கள் அறிவுறுத்துகின்றன. நான்கரை மணிக்கே எழுந்து, நீர் பிடித்து, சோறு வடித்து, வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு அவ்வறிவுரை என்ன தரும்? எல்லாம் மனஉறுதியைப் பொறுத்தவை என்னும் கூற்று, கூலிக்குறைவையும் பேருந்தின்மையையும் பகிரப்படாத வீட்டு வேலையையும் அவளது தனிப்பட்ட குறையாக மாற்றிவிடுகிறது. பீங்கானைத் தட்டிப் பார்ப்பதுபோல அறிவுரையையும் தட்டிப் பார்க்க வேண்டும். இது யாருடைய வாழ்வைக் கண்டு சொல்லப்பட்டது? இதை நிறைவேற்றப் பணமோ நேரமோ பிறர் துணையோ வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடை மங்கலாக ஒலித்தால் அங்கே விரிசல் உண்டு.

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. கைக்குப் பழகிய வேலையோடு கேட்கலாம். கணக்கெழுதும்போது கேட்டால் இரண்டும் கெடும். சாலையிலும் இயந்திரத்தின் அருகிலும் செவியை அடைத்தல் ஆபத்து. கேட்டு முடித்ததும் ஒரு கருத்தையேனும் எழுதிவைத்தலும் பிறரிடம் எடுத்துரைத்தலும் நினைவை உறுதிப்படுத்தும். எல்லா நேரத்தையும் கற்றலால் நிரப்பவும் வேண்டா. பேசாமல் அமர்ந்திருக்கும் பத்து நிமிடமும் மனத்திற்குத் தேவையே.

பகிர்வே முன்னேற்றம்

ஒலிநூல் பெண்ணின் நேரத்தைப் பயனுடையதாக்குகிறது. அது அவளுக்குப் புதிய நேரத்தைத் தருவதில்லை. நேரத்தைத் தர வல்லவர்கள் உடன் வாழ்பவர்களே. மகனும் மகளும் தந்தையும் வீட்டுப் பணியைப் பகிர்ந்துகொண்டால், 299 நிமிடங்களில் ஒரு பகுதி அவளுக்கு மீளும். அந்நேரத்தில் அவள் கேட்கலாம், படிக்கலாம், உறங்கவும் செய்யலாம். கற்கும் உரிமை என்பது கற்பதற்கான நேரத்தின்மீதுள்ள உரிமையும் ஆகும். அதனை மதிக்கும் இல்லங்கள் பெருகும்போதே கேள்விச் செல்வம் அனைவருக்கும் பொதுவாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வீட்டுப் பணிக்கு ஒரு நாளில் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊர்ப் பெண்கள் செய்யும் தொழில் ஒன்றைத் தேர்ந்து, அவர்களுக்குப் பயன்படும் ஒரு நிமிடக் குரல்வழிப் பாடம் ஒன்றை எழுதிப் பதிவு செய்க.
3. நீங்கள் கேட்ட தன்முன்னேற்ற அறிவுரை ஒன்று யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என வகுப்பில் கலந்துரையாடுக.