சோற்றைக் குறைத்தும் எடை திரும்புகிறதா?

1. முதல் வார இறக்கத்தைக் கண்டு மயங்காதீர்கள். உடலில் சேர்ந்திருக்கும் 1 கிராம் மாவுச்சத்து சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் வடிவது பெரும்பாலும் அந்த நீர்தான்.

2. சோற்றை அறவே விடாதீர்கள். மூன்று கரண்டியை ஒன்றரையாக்குங்கள். வருடம் முழுக்கத் தொடர முடிந்தால்தான் பலன் நிற்கும்.

3. தட்டில் காலியான இடத்தில் கீரை, சுண்டல், முட்டை வையுங்கள். புரதமும் நார்ச்சத்தும் பசியைத் தள்ளிப்போடும்.

4. மாலை மிக்சரை நிறுத்துங்கள். மதியம் குறைத்தது அதில் திரும்பி வந்துவிடும்.

5. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

சோற்றைக் குறைப்பது மட்டுமே வழி என்றில்லை. 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், ஓராண்டு முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் கொழுப்பைக் குறைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இளைத்திருந்தார்கள்.