வீட்டுச் சுவரில் ஒரு தோப்பு



"கையெழுத்துப் போடவே குழுவுக்கு வந்துதான் கத்துக்கிட்டேன். பிள்ளைக்கு ஓவியம் நான் எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்கிற அம்மாக்கள் நம்ம குழுக்களில் நிறைய உண்டு. ஆனால் வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி வைத்து, அளவு பிசகாமல் கோலத்தை முடிக்கிற கை உங்களுடையது. அளவு, வளைவு, இடைவெளி எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். ஓவியப் பாடத்துக்கு அதுதான் அடிப்படை.

பீகார் மாநிலம் மதுபனி பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மண் சுவரில் தாமரை, மூங்கில், மீன், பறவை என்று வரைந்து வந்தார்கள். 1966-67-ல் அங்கே கடும் வறட்சி வந்தது. அப்போது அதே படங்களைக் காகிதத்தில் வரைந்து விற்க அவர்களுக்கு வழி செய்யப்பட்டது. அவர்களில் ஒருவரான ஜகதம்பா தேவிக்கு 1975-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெண்கள் வீட்டுக்குள் வரைந்த சுவர்தான் அந்தக் கலைக்குப் பள்ளிக்கூடம்.

நம்ம வீட்டிலும் பிள்ளைக்கு ஒரு மூலை கொடுப்போம். இரண்டு முழ அகலம், பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரம் போதும். வாடகை வீடு என்றால் சுவரில் வரைய வேண்டாம். பழைய வேட்டியையோ சாக்கையோ கட்டித் தொங்க விடலாம். இதற்காகக் கடைக்குப் போய்ச் செலவு செய்ய வேண்டாம்.

முதல் வாரம்: பார்ப்பது

பிள்ளையை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப் போங்க. வேப்பிலை ஓரம் எப்படி இருக்கு, பூவரச இலை ஓரம் எப்படி இருக்கு என்று கேளுங்க. "ஒண்ணு ரம்பம் மாதிரி, ஒண்ணு வழுவழுன்னு" என்று பிள்ளையே சொல்லும். நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. உதிர்ந்த இலை, நெற்று, கொட்டை மட்டும் பொறுக்கி வரட்டும்.

இரண்டாம் வாரம்: நிறம் செய்வது

* சிவப்பு: செம்மண்ணைக் கரைத்துத் துணியில் வடிகட்டவும்.
* கறுப்பு: அடுப்புக்கரியை நுணுக்கவும்.
* வெள்ளை: அரிசியை ஊற வைத்து அரைக்கவும்.
* மஞ்சள்: மஞ்சள்தூளைக் கரைக்கவும். வெயில் பட்டால் இது வெளுக்கும்.

செம்மண்ணும் கரியும் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோற்றுக் கஞ்சி சேர்க்கலாம். மறுநாளே புளித்துவிடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். மஞ்சள் கரைசலில் ஒரு சொட்டு சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் சிவந்துவிடும். பிள்ளைகளுக்கு இது பெரிய அதிசயம்! சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் அதை அம்மாதான் கலக்க வேண்டும்.

மூன்றாம் வாரம்: அமைப்பது

பொறுக்கி வந்ததை முதலில் தரையில் பரப்பி, எது எங்கே வரும் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். சின்னப் பிள்ளைகள் இலையில் நிறம் தடவி அச்சுப் பதிக்கலாம். பெரிய பிள்ளைகள் மரம், குளம், கொக்கு என்று வரையலாம். வாகை நெற்றுகளை நூலில் கோத்து ஜன்னலில் கட்டினால் காற்றுக்குச் சலசலக்கும். கொட்டாங்குச்சியில் மண் போட்டுச் செடி வைக்கலாம். தண்ணீரில் செடி வைத்தால் வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றவும். இல்லாவிட்டால் டெங்கு கொசு முட்டை வைக்கும்.

கவனம் தேவை

எருக்கம்பால் கண்ணுக்கு ஆகாது. அரளியும் குன்றிமணியும் விஷம். இவற்றைப் பிள்ளை கையில் கொடுக்காதீங்க. பழைய பெயிண்டைப் பிள்ளை இருக்கும்போது சுரண்டாதீங்க. அதில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு முக்கியமான விஷயம். பிள்ளை வரைந்த மயில் கோழி மாதிரி இருந்தால் சிரிக்காதீங்க. கையிலிருந்து கரியைப் பிடுங்கி, "இப்படி வரை" என்று திருத்தாதீங்க. இரண்டு தடவை அப்படிச் செய்தால் மூன்றாம் தடவை பிள்ளை வரையாது. "இது என்ன பண்ணுது?" என்று கேளுங்க. கதை கதையாகச் சொல்லும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட தன் படத்தைப் பற்றிப் பேசும்.

பெண் குழந்தைக்கு இது இன்னும் அவசியம். பாத்திரம் கழுவ, தம்பியைப் பார்க்க என்று அவளுக்கு வேலை இருக்கிறது. "இது என் இடம்" என்று சொல்ல வீட்டில் ஒரு முழச் சுவராவது இருக்கட்டும். மாமியார், வீட்டுக்காரர் "சுவரு பாழாப்போச்சு" என்றால், மண்ணும் கரியும்தான், அடுத்த வெள்ளையடிப்பில் மறைந்துவிடும் என்று எடுத்துச் சொல்லுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் வீட்டில் பிள்ளைக்கென்று எந்த இடம் இருக்கிறது?
2. பிள்ளை பொறுக்கி வந்ததில் நமக்கே பெயர் தெரியாத இலை எது? ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டோமா?
3. அங்கன்வாடிச் சுவரில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வரைய, பணியாளரிடம் பேசப் போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரை முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள்.